தஞ்சாவூர் வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு தஞ்சாவூரில் இருப்பதால், சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யார் இந்தப் பக்கம் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று உட்கார்ந்தேன்.

தஞ்சாவூருக்கு ஒரு நாள் போதாதா?

வேளாங்கண்ணி போகிற வழியில் வண்டியை நிறுத்தி, பெரிய கோயிலில் ஒரு மணி நேரம் சுற்றி, நந்தி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது மூன்று அரச மரபுகளின் தலைநகராக இருந்த ஊர். 850 வாக்கில் விஜயாலய சோழன் பிடித்த ஊர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நாயக்கர்களுடையது. அதன்பிறகு 1855 வரை மராட்டியர்களுடையது. இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அதைப் பார்க்க இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் காலை பெரிய கோயில், நடுப்பகலில் அரண்மனை, சாயங்காலம் மறுபடியும் பெரிய கோயில். இரண்டாம் நாள் ஊருக்கு வெளியே.

ஒரே கோயிலுக்கு இரண்டு தடவை எதற்கு என்று கேட்பார்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் வாசலிலும், கருவறைக்கு மேல் எழும் கோபுரமான விமானத்தின் முன்பக்கத்திலும் விழும். சிற்பங்களும் எழுத்துகளும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும். சாயங்காலம் அதே கல் செம்பொன் நிறத்துக்கு வரும். அப்போது ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து பிரகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டும் வேறு வேறு கோயில் மாதிரி இருக்கும்.

எப்படி வருவது?

சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை தஞ்சாவூரில் இறங்கலாம். பகலில் வயல்களைப் பார்த்துக்கொண்டே வர ஆசையென்றால் சோழன் எக்ஸ்பிரஸ். விமானத்தில் வருபவர்களுக்குத் திருச்சிதான் பக்கம். அங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர். பேருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஊரில் இரண்டு பேருந்து நிலையம் உண்டு. வெளியூர் வண்டிகள் புதிய பேருந்து நிலையத்துக்கு வரும். அது ஊருக்கு வெளியே. பழைய பேருந்து நிலையம் ஊருக்கு நடுவில், பெரிய கோயிலுக்கு நடந்து போகிற தூரம். தங்குமிடம் பழையதற்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டால் ஆட்டோ செலவு மிச்சம்.

எந்த மாதம் நல்லது?

மார்கழி, தை, மாசி. சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம். கோயிலில் செருப்பு இல்லாமல் நடக்க வேண்டும். பதினோரு மணிக்கு மேல் கல் தரை காலைச் சுடும். எந்த மாதம் வந்தாலும் பையில் ஒரு ஜோடி பருத்தி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனால் ஐப்பசிச் சதயம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரம் என்பதால் சதய விழா நடக்கும். மழையைப் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் அதற்கே வரலாம்.

மாட்டுப் பொங்கல் அன்று பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு என்று அலங்காரம் செய்வார்கள். பிரதோஷத்தன்று அபிஷேகம். இரண்டு நாளும் கூட்டம் நெரியும். சாமி கும்பிட வருகிறவர்கள் அந்த நாட்களில் வாருங்கள், சிற்பம் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிருங்கள்.

பெரிய கோயிலில் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

எல்லோரும் நேரே விமானத்தை நோக்கி ஓடுகிறார்கள். வாசலிலேயே நில்லுங்கள். முதலில் மராட்டியர் கால வாசல். அடுத்தது கேரளாந்தகன் வாசல். சேர நாட்டை வென்றதை நினைவுபடுத்தும் பெயர். மூன்றாவது ராஜராஜன் திருவாசல். இந்த மூன்றாவது வாசலில் இருபுறமும் நிற்கிற துவாரபாலகர்களைப் பாருங்கள். காலடியில் ஒரு பாம்பு, அதன் வாயில் ஒரு யானை. யானை எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். அந்த யானையை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? அந்தப் பாம்பே காலடியில் புழு மாதிரிக் கிடந்தால் இந்தக் காவலன் எவ்வளவு பெரியவன்? அவனோ ஒரு கையை வியப்பில் விரித்து, இன்னொரு கையால் உள்ளே இருப்பவனைக் காட்டுகிறான். இத்தனையையும் ஒரு எழுத்துகூட இல்லாமல் சொல்லிவிட்டார் சிற்பி. அதே வாசலின் அடித்தளத்தில் மார்க்கண்டேயன் கதை, அர்ச்சுனன் பாசுபதம் வாங்கிய கதை எல்லாம் சின்னச் சின்னக் கல் ஓவியங்களாக இருக்கின்றன. இடுப்பு உயரத்தில் இருப்பதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

உள்ளே போனதும் நந்தி. சுமார் 12 அடி உயரம், ஒரே கல். இது ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. வடமேற்கில் இருக்கும் முருகன் சந்நிதியும் நாயக்கர் கட்டியதுதான். அதைத் தவற விடாதீர்கள். கருங்கல்லில் மரவேலை மாதிரி இழைத்திருக்கிறார்கள். பெரிய விமானத்தின் கம்பீரத்தைப் பார்த்த கண்ணோடு உடனே இதைப் பாருங்கள். அறுநூறு வருடத்தில் கைவேலையின் ரசனை எப்படி மாறியிருக்கிறது என்பது பாடம் படிக்காமலே புரியும். அம்மன் சந்நிதி பாண்டியர் காலம். பிள்ளையார் சந்நிதியில் மராட்டியர் கை இருக்கிறது. அதாவது பிற்பாடு வந்தவர்கள் யாரும் இடிக்கவில்லை, ஆளுக்கொன்று சேர்த்திருக்கிறார்கள்.

கோபுர நிழல் தரையில் விழாதாமே?

விழும். சாயங்காலம் போய் விமானத்தின் கிழக்குப் பக்கம் நின்று நீங்களே பாருங்கள். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் சரியல்ல. பல கற்களை இணைத்துச் செய்தது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் போட்டு ஏற்றினார்கள் என்பது வாய்வழிக் கதை.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இல்லாத அதிசயங்களைச் சொல்வதில் இருக்கிற அதிசயம் காணாமல் போகிறது. இந்த ஊரைச் சுற்றி இருப்பது காவிரி கொண்டுவந்த வண்டல் மண். குழந்தை எறிய ஒரு கருங்கல் கிடைக்காத நிலம். இங்கே முழுக்க முழுக்கக் கல்லால், இருநூறு அடிக்கு மேல் உயரத்தில், 13 நிலைகளோடு ஒரு விமானத்தை எழுப்பி 1010இல் செப்புக் குடம் ஏற்றியிருக்கிறார்கள். அத்தனை கல்லும் வெளியிலிருந்து வண்டியேறி வந்திருக்க வேண்டும். இதற்கு மேல் என்ன அதிசயம் வேண்டும்?

கல்வெட்டுகளை நம்மால் படிக்க முடியுமா?

முழுதாக முடியாது, ஆனால் முயன்று பாருங்கள். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் வரிவரியாக ஓடுவது தமிழ்தான். ட, ப, ம மாதிரி சில எழுத்துகள் இன்றைக்கும் ஏறக்குறைய அதே வடிவம். புள்ளி வைக்க மாட்டார்கள். அதனால் 'க' என்பது 'க்' ஆகவும் இருக்கலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு வரியில் விரலை ஓட்டுங்கள் (தொடாமல்). ஒரு ஊர்ப் பெயரோ, ஒரு எண்ணோ பிடிபடும்போது ஏற்படுகிற சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. எட்டாவது படிக்கும் என் அக்கா மகன் அரைமணி நேரம் குனிந்து நின்று 'நெய்' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டுக் கோயில் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினான்.

என்ன எழுதியிருக்கிறது என்றால், நான் கொடுத்ததும் என் அக்கன் கொடுத்ததும் என் பெண்டுகள் கொடுத்ததும் மற்றவர்கள் கொடுத்ததும் எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜராஜன் சொன்னது முதல் தொடங்குகிறது. அரசன் தன் பெயரோடு மற்றவர்களின் கொடையையும் அதே கல்லில் சேர்க்கச் சொல்கிறான். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், அதற்காக நாளொன்றுக்கு உழக்கு நெய் என்று கணக்கு. திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட ஐம்பது பேர். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது, நாவிதருக்குக் கொடுத்த பட்டமும் இருக்கிறது. வடக்கு மதிலின் வெளிப்பக்கம் போனால் கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பட்டியல்: எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன. ஆளுக்கு ஒரு வீடும் வருடத்துக்கு நூறு கலம் நெல்லும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆடல் மகளிரின் வீட்டு எண்ணை நாம் இன்று படிக்கிறோம். மதிலுக்கு வெளியே யாருமே வருவதில்லை. ஐந்து நிமிடம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.

சோழர் கால ஓவியங்களைப் பார்க்கலாமா?

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் அவை இருக்கின்றன. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்ததை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேல்தளத்தில் உள்ள 81 நாட்டியக் கரணச் சிற்பங்களுக்கும் அனுமதி கிடையாது. வளாகத்துக்குள்ளேயே புகைப்படக் காட்சி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சந்நிதிக்குள் போனால், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்து நிற்கலாம்.

ராஜராஜனுடைய அரண்மனை எங்கே?

சரித்திர நாவல் படித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான். இல்லை. ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டின்மேல் படையெடுத்தான். தஞ்சையையும் உறந்தையையும் செந்தழல் கொளுத்தியதாக அவனுடைய கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. உறந்தை என்பது உறையூர். அரண்மனைகள் செங்கல்லும் மரமுமாக இருந்திருக்கும். கோயில் கல்லாக இருந்ததால் நின்றது. ராஜேந்திரன் காலத்திலேயே தலைநகர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாறிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே மாளிகைமேடு என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த அரண்மனைச் செங்கல் அடித்தளங்களைப் பார்க்கலாம்.

இன்று தஞ்சாவூரில் அரண்மனை என்று சொல்வது நாயக்கர் கட்டி மராட்டியர் விரிவாக்கியது.

அரண்மனையில் என்ன பார்க்க வேண்டும்?

கட்டடம் சில இடங்களில் பழுதுபட்டிருக்கும், மனம் தளர வேண்டாம். கலைக்கூடத்துக்குள் போனால் உலகத்தில் எங்கும் கிடைக்காத செப்புத் திருமேனிகள். நேரமில்லை என்றால் ஒன்றே ஒன்றை மட்டும் பாருங்கள்: திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தலையில் சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, ஒரு காலை லேசாக மடித்து, வலது காலிலா இடது காலிலா பாரம் என்று நம்மைத் தேட வைத்து நிற்கிறார். ஒரு கை காளையின் முதுகில் சாய்ந்திருக்க வேண்டும். காளை இல்லை. கை மட்டும் காற்றில் இருக்கிறது, ஆனால் பார்க்கிற நமக்கு அங்கே காளை இருப்பதாகவே தோன்றும். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் நின்று பாருங்கள். முதுகைக்கூட அவ்வளவு அக்கறையாக வார்த்திருக்கிறார்கள். இங்கே நான் எத்தனை முறை நின்றிருக்கிறேன் என்று கணக்கில்லை.

சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்திலேயே தொடங்கியது. அதைப் பெரிதாக வளர்த்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர், ஆட்சிக் காலம் 1798 முதல் 1832 வரை. ஓலைச்சுவடிகளும் பல மொழி நூல்களும் நிறைந்த இடம். பார்வையாளர்கள் அருங்காட்சியகப் பகுதியைப் பார்க்கலாம். புதன்கிழமை விடுமுறை, அரசு விடுமுறை நாட்களும் உண்டு, அதற்கேற்ப நாளைத் திட்டமிடுங்கள். கலைக்கூடத்தின் பக்கம் ஒரு திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. குழந்தைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள்.

சரபோஜியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. சிறுவனாக இருந்த சரபோஜியைப் பாதுகாத்து வளர்த்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார். அவர் மரணப் படுக்கையில் இருக்க, இளம் சரபோஜி கையைப் பிடித்தபடி நிற்கும் காட்சியை ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பி வெள்ளைப் பளிங்கில் செதுக்கியிருக்கிறார். பெரிய கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மராட்டிய மன்னரின் அன்பு ஒரு தேவாலயத்துச் சுவரில் இருக்கிறது. அவரே தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் 1803இல் மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார். இந்த ஊர் இப்படித்தான்.

சாப்பாட்டுக்கு என்ன?

காலையில் காபியிலிருந்து தொடங்குங்கள். பித்தளை டபரா டம்ளரில், தண்ணீர் கலக்காத பாலில், நுரை தளும்பக் கொடுத்தால் அது சரியான காபி. கும்பகோணம் டிகிரி காபி என்று நெடுஞ்சாலையில் தென்படுகிற எல்லாப் பலகையையும் நம்பாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டு குடிக்கிற கடையைத் தேடுங்கள்.

இட்லிக்குக் கடப்பா கிடைக்கிற நாளில் வேறு எதையும் கேட்காதீர்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து மசிந்து, சோம்பு, கசகசா, தேங்காய் அரைத்துவிட்டு, கெட்டியும் இல்லாமல் நீர்த்தும் போகாமல் இருக்கும். சாம்பார் மாதிரியும் இருக்காது, குருமா மாதிரியும் இருக்காது. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல் இது. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போட மாட்டார்கள், பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான். மதியம் இலைச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு கொழுந்து வெற்றிலை போட்டுக்கொள்ளாமல் எழுந்திருக்காதீர்கள்.

சாம்பார் மராட்டிய அரண்மனையில் பிறந்தது, சாம்பாஜி பெயரால் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் கிடையாது.

இனிப்பில் இரண்டு. தஞ்சாவூரில் சந்திரகலா: பால்கோவா வைத்து மடித்துப் பொரித்துப் பாகில் போட்டது. திருவையாற்றில் அசோகா: பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும். அசோகாவைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது வேறு, கடை வாசலில் வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கி விரல் வழுக்க வழுக்கச் சாப்பிடுவது வேறு. இரண்டாவதைச் செய்யுங்கள்.

இரண்டாம் நாள் எங்கே போகலாம்?

சங்கீதத்தில் விருப்பம் இருந்தால் திருவையாறு. பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவழித்துக் கட்டிய கோயில் அது. பெண்களை ஆராதனையில் பாட விடாத காலத்தில் அவர் நின்று போராடியதை நினைத்துக்கொண்டு அந்த வாசலில் நில்லுங்கள். பெரும்பாலும் ஜனவரியில் வருகிற ஆராதனையின்போது வந்தால் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை ஆயிரம் குரலில் கேட்கலாம்.

சிற்பத்தில் விருப்பம் என்றால் தாராசுரம், பிறகு கங்கைகொண்ட சோழபுரம். ஒரு கார் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. 2004இல் இவை இரண்டும் அதோடு சேர்ந்தன. வழியில் சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் சிலை செய்வதைப் பட்டறையிலேயே பார்க்கலாம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ரிஷபவாகனரைப் பார்த்த மறுநாள் இதைப் பார்ப்பது நல்லது.

என்ன வாங்கலாம், ஏமாறாமல்?

தலையாட்டி பொம்மையில் ஏமாறுவதற்கு ஒன்றுமில்லை. தள்ளிவிட்டால் ஆடி நிமிர வேண்டும், அவ்வளவுதான். நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டில் செய்கிற வேலைப்பாடு எடையே இருக்காது, ஆனால் நொறுங்கும், கைப்பையில் வைக்கவும்.

தஞ்சாவூர் ஓவியம் வாங்கும்போது நிதானம் வேண்டும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்கத் தகடு ஒட்டிக் கற்கள் பதிப்பது முறை. தங்கத் தகடு பதித்ததா, தங்க நிறத் தாளா என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். நிஜத் தங்கம் பளீரென்று மின்னாது, ஆழமாக மஞ்சளித்து நிற்கும். நான் ஒருமுறை அவசரத்தில் வாங்கிய படம் மூன்றே வருடத்தில் கறுத்துவிட்டது. நேரமில்லாதவர்கள் அரசின் பூம்புகார் விற்பனையகத்தில் வாங்குவது நிம்மதி.

வீணை வாங்காவிட்டாலும் செய்கிற இடத்தை ஒருமுறை பாருங்கள். பலா மரத்தைக் குடைகிற வாசனை தெரு வரைக்கும் வரும். வேலை செய்கிறவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

வயதான அம்மா அப்பாவை அழைத்து வரலாமா?

தாராளமாக. விமானத்தைச் சுற்றிச் சமதளம். கருவறைக்குப் போகத்தான் படிகள். காலை ஆறு மணிக்கு நடை திறந்ததும் போய்விடுங்கள். வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. பன்னிரண்டு பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தை ஓய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வயல் பச்சையாக எப்போது இருக்கும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டால் எனக்கு மனசு குளிரும். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து வாய்க்கால்களில் இறங்கியதும் குறுவை. அதற்குப் பிறகு சம்பா. மார்கழியில் வந்தால் திருவையாற்றுச் சாலையில் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் நிற்கும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், காலை ஏழு மணிக்கு முன்னால். பனி வயலின்மேல் இடுப்பளவு நிற்கும். அதற்குள் கொக்கு இறங்குவது மட்டும் வெள்ளையாகத் தெரியும்.